பத்து எழுத்து வீடு – 11: கவிழ்த்து வைத்த கோப்பை

கண்ணாடிக்காரர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்க யாருக்கும் உரிமை இல்லை. பாலோ தண்ணீரோ வேண்டுமென்றால் முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். ஏனென்றால் அந்த வெள்ளைக் கதவில்தான் எழுத்துகள் ஒட்டியிருக்கும்.

கடையில் கண் பரிசோதனைக்கு மாட்டியிருக்கும் எழுத்து அட்டை மஞ்சளித்துப் போனால் அவர் தூக்கி எறியமாட்டார். எழுத்து எழுத்தாகக் கத்தரித்து, பின்னால் காந்தம் ஒட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். மேல் வரிசை எழுத்துகள் உள்ளங்கை அகலம் இருக்கும். கீழ் வரிசை எழுத்துகள் சட்டைப் பொத்தான் அளவுதான். அட்டையில் இல்லாத எழுத்துகளைச் சின்னவள் வரைந்து கொடுத்திருக்கிறாள். அவள் வரைந்த ‘ஜி’ பாதி தின்ற பிஸ்கட் மாதிரி இருக்கும்.

விளையாட்டு இதுதான். வாரத்துக்கு ஒருவர் பத்து எழுத்துள்ள ஓர் ஆங்கில வார்த்தையை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த எழுத்துகளைக் கலைத்து ஒட்ட வேண்டும். மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டே, அதற்குள் அடங்கிய சின்ன வார்த்தைகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதுவார்கள். பத்தும் சேர்ந்த பெரிய வார்த்தை சிக்கிவிட்டால் மூச்சுவிடக் கூடாது. டீக் கோப்பையைக் கவிழ்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் கோப்பை கவிழும்வரை, எழுத்து வைத்தவர் மனம் மாறினால் எடுத்துவிடலாம். ஒரு கோப்பை கவிழ்ந்துவிட்டால் அப்புறம் எல்லாருடைய கோப்பையும் கவிழும்வரை எழுத்தைத் தொடவும் கூடாது, விடையைச் சொல்லவும் கூடாது.

“சட்டம் சட்டம்தான்” என்பார் கண்ணாடிக்காரர். கடையில் சில்லறை விஷயத்துக்கெல்லாம் விட்டுக்கொடுக்கிற மனிதர், இந்த ஒன்றில் மட்டும் இம்மியும் நகரமாட்டார்.

இந்த ஞாயிறு மேஜையில் ஒரு கோப்பை அதிகம். அம்மாவுக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்றாவது மாடியில் இருக்கும் கண்ணாடிக் கடைக்கு லிஃப்ட் வேலை செய்யாமல் போனதும், அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்கைக் கண்ணாடிக்காரர் எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியதும் நமக்குத் தெரியும். உதிரி பாகம் வந்து சேராததற்கு அவன் என்ன செய்வான் பாவம்! மறுநாள் அவனுடைய அக்கா கடைக்கே போன் செய்து, “என் தம்பியை நான் ஒரு சொல் சொன்னதில்ல, நீங்க யாரு சொல்ல?” என்று கேட்டாள். தாயும் தகப்பனும் இல்லாத அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள். கண்ணாடிக்காரர் பதில் சொல்லாமல் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

அந்த மெக்கானிக்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்று போன வாரம் பெரியவள் சொன்னாள். அதே கடையில் அப்பாவோடு சேர்ந்து கண் பரிசோதிக்கிறவள். கண்ணாடிக்காரர் கோபப்படவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. “ஞாயித்துக்கிழமை வரச்சொல்லு, பாக்கலாம்” என்றார். அதோடு வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டுவிட்டார். வாரம் முழுக்க அப்பாவும் மகளும் பவர் எண்களைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் எழுத்து வைக்கும் முறை கண்ணாடிக்காரருடையது என்பதுதான் அம்மாவுக்குக் கவலை. புதன்கிழமையிலிருந்து மனிதர் அந்த டப்பாவும் கையுமாக இருந்தார். அம்மா அந்தப் பக்கம் போனால் பரீட்சை எழுதும் பையன் மாதிரி கையால் மறைத்துக்கொண்டார். ‘வர்ற பிள்ளையை மூக்கறுத்து அனுப்பத்தான் இவ்வளவு பாடு’ என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் சொன்ன நேரத்துக்கு வந்தான். கதவு கிரீச்சிட்டதும் முதலில் கீலைப் பார்த்தான், அப்புறம்தான் ஆட்களைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையிலேயே அம்மாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அந்தக் கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியிருந்தது.

“வாங்க, உக்காருங்க” என்றார் கண்ணாடிக்காரர். குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை.

சின்னவளுக்கு வீட்டில் ‘ரேடியோ’ என்று பெயர். அவள்தான் விளையாட்டை விளக்க ஆரம்பித்தாள். “இதுல இருக்கிற எழுத்தை மட்டும் வெச்சு வார்த்தை எழுதணும். ஓ ரெண்டு இருக்கு, ஆர் ரெண்டு இருக்கு. மத்ததெல்லாம் ஒண்ணு ஒண்ணுதான். பெரிய வார்த்தை கிடைச்சா…”

“போதும் ரேடியோ, ஆஃப் பண்ணு. விளையாட விளையாடத் தெரிஞ்சுக்குவாரு” என்றார் அப்பா.

எம், ஓ, ஆர், பி, இ, ஜி, ஓ, டி, ஆர், ஐ. ஃபிரிட்ஜ் கதவில் பெரிதும் சிறிதுமாகப் பத்து எழுத்துகள். எல்லாரும் பென்சிலை எடுத்தார்கள். பெரியவள் மட்டும் எழுத்துகளைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் காகிதத்தில் ஏதோ எழுதினான். நெற்றியைச் சுருக்கிக் கதவைப் பார்த்தான். இன்னொன்று எழுதினான். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். பிறகு, ஒரு சத்தமும் இல்லாமல், கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்.

ரேடியோவின் வாய் திறந்தபடியே நின்றது. பெரியவள் அப்பாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் மெதுவாக எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், மெக்கானிக்கின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு சீக்கிரமாவா?” என்றார். குரல் கரகரத்தது. “நான் எதிர்பாக்கல தம்பி. நிஜமா எதிர்பாக்கல.”

தம்பி! ‘அந்த லிஃப்டுக்காரன்’ எங்கே, இந்தத் தம்பி எங்கே! மெக்கானிக் ஒன்றும் புரியாமல் அசடு வழியச் சிரித்தான். அவர் தன்னுடைய மெத்தை வைத்த நாற்காலியை இழுத்து அவனுக்குப் போட்டார். அந்த நாற்காலியில் அவருடைய சொந்தத் தம்பிகூட உட்கார்ந்ததில்லை.

அம்மாவுக்கு எங்கோ உதைத்தது. வந்த பையனை மடக்கத்தானே இவர் எழுத்து வைத்தார்? அவன் மடங்கவில்லை என்றால் இவர் முகம் சுண்டியல்லவா போக வேண்டும்? கண் ஏன் கலங்குகிறது?

அவள் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினாள்.

ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் பெரிய வார்த்தையை அநேகமாக முதலில் கண்டுபிடிப்பது அம்மாதான். ஆனால் கோப்பையைக் கவிழ்க்கமாட்டாள். பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும், எழுத்து வைத்த மனுஷன் கொஞ்ச நேரம் மீசையை முறுக்கட்டும் என்று ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பாள். கடைசி ஆளாகக் கவிழ்ப்பாள். அதில் அவளுக்கு ஒரு சுகம்.

முதலில் பிரிட்ஜ் என்ற வார்த்தை கிடைத்தது. பிறகு ஆர்டர், பார்டர். பிறகு பிரைட். அந்த ஐந்து எழுத்தையும் மனத்துக்குள் கதவிலிருந்து எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தாள். குரூம்.

பிரைட்குரூம். மாப்பிள்ளை.

வாரம் முழுக்க டப்பாவை மறைத்து மறைத்து அவர் தேடியது இதற்குத்தானா! ‘சரி’ என்று ஒரு வார்த்தை வாயால் சொல்ல வராமல், எழுத்தாக ஒட்டி வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் அவளிடம் கோபித்துக்கொண்டு, சமாதானம் சொல்லத் தெரியாமல், அவள் கைப்பையின் அறுந்த வாரை ராவோடு ராவாகத் தைத்து வைத்த அதே ஆள்தான். இப்போது அந்தப் பையன் படித்துவிட்டான், ஏற்றுக்கொண்டான் என்று நினைத்துத்தான் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அம்மா காலித் தட்டை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனாள். நின்ற இடத்திலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னாலேயே மெக்கானிக் தன் தட்டோடு வந்தான்.

“வைங்க, நான் கழுவிக்கறேன்” என்றாள்.

“இல்லம்மா. ஒண்ணு கேக்கணும்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “நான் என்ன செஞ்சேன்? சார் எதுக்குக் கை குடுத்தாரு?”

அம்மாவுக்குப் பகீரென்றது. “நீங்க கப்பைக் கவுத்தீங்களே?”

“ஆமா. எப்பவும் கவுத்துத்தான் வெப்பேன். லிஃப்ட் குழிக்குள்ள வேலை செய்யும்போது மேலேயிருந்து தூசியும் கிரீஸும் கொட்டும். குடிச்சதும் கப்பைக் கவுத்துடுவோம். எங்க ஆளுங்க எல்லாருக்கும் அது கைப்பழக்கம். அது தப்பாம்மா?”

அம்மாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கோப்பை கவிழ்ந்தால் அந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று சொன்னாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“ஐயோ! எனக்குப் பேனல் போர்டுல இருக்கிற இங்கிலீஷைத் தாண்டித் தெரியாதும்மா. டோர், ரூம், ராட். இந்த மூணைத்தான் எழுதியிருக்கேன்.”

அம்மா வெளியே எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் ரேடியோவிடம் ஏதோ சொல்லி உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியவள் முகத்தில் ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த வெளிச்சம். எல்லாம் ஒரு கவிழ்ந்த கோப்பையின் மேல் நின்றுகொண்டிருந்தது.

“காதைக் குடுங்க” என்றாள் அம்மா. “அந்த வார்த்தையை நான் சொல்லித் தரேன். கேட்டா சொல்லிடுங்க. யாருக்கும் தெரியப்போறதில்ல.”

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். ஆசை இல்லாமல் இல்லை, முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் மறுப்பாகத் தலையை ஆட்டினான்.

“வேண்டாம்மா. கயிறு நல்லா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஜனங்க லிஃப்டுல ஏறுறாங்க. பாக்காம போட்டதே இல்ல. இங்க வந்து முத நாளே போட்டா, அப்புறம் வாழ்நாள் முழுக்க சாரைப் பாத்தாலே எனக்கு உதறும்.”

“அவரு மனசு சங்கடப்படுமே?”

“படும். நானே சொல்லிடறேன்.”

சொல்லவும் செய்தான். மேஜைக்குத் திரும்பி, உட்காராமல் நின்றபடி, கவிழ்ந்த கோப்பையைத் தன் கையால் நிமிர்த்தி வைத்தான். லிஃப்ட் குழி, தூசி, கைப்பழக்கம் எல்லாவற்றையும் மென்று முழுங்காமல் சொன்னான்.

“எனக்கு அந்த வார்த்தை கிடைக்கல சார். தெரியாம செஞ்சுட்டேன். மன்னிச்சிடுங்க.”

கண்ணாடிக்காரர் அவனைப் பார்த்தார். “அப்போ… நீங்க அதைப் படிக்கல?”

“இல்ல சார்.”

“ஓ” என்றார்.

கோபம் வந்திருந்தால்கூட அம்மா சமாளித்திருப்பாள். வந்தது கூச்சம். அவர் காது மடல் சிவந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். “சரி விடுங்க. இந்த எழுத்து ஒண்ணும் சரியில்ல. வேற வெச்சுக்கலாம்” என்று ஃபிரிட்ஜை நோக்கி நடந்தார்.

பெரியவளின் கண் தளும்பியது. அப்பா தன்னைத்தான் ஒதுக்குகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்குத் தெரியும். அந்த எழுத்துகள் டப்பாவுக்குள் போய்விட்டால், மறுபடி இந்த மனிதர் மனத்தில் இருப்பதை வெளியே எடுக்க இன்னும் எத்தனை மாதம் ஆகுமோ! அவர் கை முதல் எழுத்தைத் தொடப்போன நேரம், மேஜையில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். அம்மாவின் கோப்பை கவிழ்ந்திருந்தது. அதில் பாதி டீ மிச்சம் இருந்ததை அவள் மறந்துபோயிருந்தாள். மேஜை விரிப்பில் டீ ஆறாக ஓடியது.

“அம்மா!” என்றாள் ரேடியோ. “நீ முதல்லயா? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அம்மா அவளைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணவரையே பார்த்தாள். “கையை எடுங்க. எழுத்தை இனிமே தொடக் கூடாது. சட்டம் சட்டம்தான்.”

கண்ணாடிக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. “உனக்குக் கிடைச்சிடுச்சா?”

“அப்பவே கிடைச்சிடுச்சு. நல்ல வார்த்தைங்க. நீங்க இதுவரைக்கும் வெச்சதுலயே இதுதான் நல்ல வார்த்தை.”

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மெத்தை இல்லாத நாற்காலி. அம்மாவை நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உதட்டோரம் ஏதோ நெளிந்தது.

பெரியவள் அப்போதுதான் முதல் முறையாக அந்த எழுத்துகளைப் பார்த்தாள். இதுவரை அவனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கதவைப் பார்க்கவே இல்லையே! உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. சட்டென்று நின்றன. கோப்பையை எடுத்துக் கவிழ்த்தாள். கவிழ்த்த கை அப்படியே அதன் மேல் இருக்க, “அப்பா…” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

“பேசக் கூடாது. சட்டம்” என்றார் கண்ணாடிக்காரர். அவருக்கும் பேச வரவில்லை என்பது வேறு விஷயம்.

“என்னடா இது, ஆளாளுக்கு அழறீங்க?” என்று ரேடியோ கதவை முறைத்தாள். அக்கா அழுவதைப் பார்த்தாள், மெக்கானிக்கைப் பார்த்தாள். “அட! அட அப்பா!” அவளுடைய கோப்பையும் கவிழ்ந்தது.

மிச்சம் ஒன்று. நடுவில் நிமிர்ந்து நின்ற மெக்கானிக்கின் கோப்பை.

அவன் எழுந்து ஃபிரிட்ஜ் அருகே போய் நின்றான். பழுதுபட்ட மோட்டார் முன்னால் நிற்கிற மாதிரி, தலையைச் சாய்த்து, நெடுநேரம் நின்றான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. காதுகளின் பின்புறம் மெல்லச் சிவப்பதை அம்மா பார்த்தாள். மற்ற யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தான். கோப்பையைத் தொடவில்லை.

“எனக்கு இன்னும் கொஞ்சம் டைம் கிடைக்குமா சார்?”

“எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க தம்பி” என்றார் கண்ணாடிக்காரர். “அவசரமே இல்ல. கண்டுபிடிக்கிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போ. எழுத்து இங்கயேதான் இருக்கும்.”

வாயால் அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அதுவே அந்த வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

போகும்போது அம்மாதான் வாசல்வரை வந்தாள். அவன் குனிந்து ஷூ கயிறு கட்டினான். நிமிரவே இல்லை.

“கிடைச்சிடுச்சு, இல்ல?” என்று கேட்டாள் அம்மா.

அவன் சிரித்துவிட்டான். “அந்த வார்த்தை எனக்குத் தெரியும்மா. கல்யாண மண்டபத்து லிஃப்டெல்லாம் நான்தானே பாக்கறேன். அங்க ஒரு ரூம் கதவுல போட்டிருக்கும்.” பிறகு தயங்கினான். “கண்டுபிடிச்சும் கவுக்காம இருந்தா தப்பாம்மா?”

“அந்த வேலையை நான் ரொம்ப வருஷமா செய்யறேன்” என்றாள் அம்மா. “ஆனா நீங்க எதுக்கு?”

“அக்கா பக்கத்துல உக்காந்திருக்கும்போதுதான் கவுக்கணும்னு இருக்கும்மா. சார் போனை வெச்சதுலேருந்து இந்த வீட்டுப் பேச்சை எடுத்தாலே அக்கா எந்திரிச்சுப் போயிடறாங்க. அந்த ஆளு வீட்டுப் படி மிதிக்கமாட்டேன்னு சொல்லிட்டாங்க. அவங்க இல்லாம நான் அந்த வார்த்தையை எடுத்துக்க முடியாதும்மா.”

அவன் படியிறங்கிப் போனான். போகிற போக்கில் கீலை ஒரு தரம் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

அம்மா உள்ளே வந்தபோது கண்ணாடிக்காரர் மெக்கானிக்கின் கோப்பையைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். துடைத்து, வீட்டுக் கோப்பைகள் நான்கோடு ஐந்தாவதாக அலமாரியில் வைத்தார்.

“அடுத்த வாரம் கண்டுபிடிச்சிடுவானா?” என்று கேட்டார், ஏதோ மழை வருமா என்று கேட்கிற தோரணையில்.

“தனியா கஷ்டம். அவனோட அக்காவும் பக்கத்துல இருந்தா கண்டுபிடிச்சிடுவான்.”

“எந்த அக்கா?” என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். போனில் கேட்ட அந்தக் குரல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து எழுத்துகளைக் கிளற ஆரம்பித்தார்.

அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அவர் எழுத்துத் தேடுகிறார் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. டப்பாவின் மூடியை மெதுவாக எடுத்து மூடினாள்.

“அதுக்கு ஃபிரிட்ஜுல இடம் கிடையாது. தம்பி கோப்பை கவிழ்ற வரைக்கும் அங்க வேற எழுத்து ஒட்டக் கூடாது. சட்டம் யாரு போட்டது?”

“நான்தான்” என்றார் கண்ணாடிக்காரர்.

“அப்போ இதை வாயாலதான் சொல்லணும்.”

அவள் பெரியவளைக் கூப்பிட்டு அந்த அக்காவின் எண்ணைப் போடச் சொன்னாள். போனை வாங்கி அவர் கையில் வைத்து, விரல்களையும் மடக்கி மூடினாள். அவர் காதில் வைத்துக்கொண்டார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நின்றார்.

மறுமுனையில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

“யாரு?” என்றது அந்தக் குரல்.

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார்.